பாதுகாப்புச் சில்லு இல்லாத மெய்நிகர் இயந்திரங்களில் இயங்குதள நிறுவல் தோல்விகள்: காரணம் காணலும் களைதலும்

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ் 11 இயங்குதளத்தை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவ முற்படுவோர் பலர், ‘இக்கணினியில் விண்டோஸ் 11 இயங்காது’ என்னும் பொருள்பட்ட ஒற்றைவரி மறுப்போடு நின்றுவிடுகின்றனர். அம்மறுப்பின் பின்னே டி.பி.எம் எனப்படும் பாதுகாப்புச் சில்லின் இன்மை இருக்கலாம். முற்றிலும் வேறான குறைகளும் இருக்கலாம். தோல்வி எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைக் கொண்டு காரணத்தைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சோதனையை ஏமாற்றிக் கடப்பதைவிட மெய்நிகர்ச் சில்லை அளிப்பதே பெரும்பாலான சூழல்களில் தக்கது என்பதும், அவ்வாறு அளித்தபின் அச்சில்லின் நிலையைத் தாங்கிய கோப்பைப் பேணாவிடில் இயந்திரத்திலுள்ள ஆய்வுத்தரவே மீட்க இயலாமற் போகக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், டி.பி.எம், செக்யூர் பூட், யு.இ.எஃப்.ஐ, விண்டோஸ் 11, பிட்லாக்கர்

முன்னுரை

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினியே மெய்நிகர் இயந்திரம் ஆகும். அதனைத் தாங்கும் உண்மைக் கணினியைப் புரவலர் என்றும், உள்ளே நிறுவப்படும் இயங்குதளத்தை விருந்தினர் என்றும், இரண்டிற்கும் இடைநின்று வளங்களைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர், ஹைப்பர்-வி, கே.வி.எம் ஆகியன பரவலாக அறியப்பட்ட ஹைப்பர்வைசர்கள்.

தமிழாய்வுக் களத்திலும் இவற்றிற்குத் தேவை உண்டு. டாம், டாப், தகுதரம், பாமினி முதலிய பழைய குறியாக்கங்களில் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகளையும் அகராதித் தரவுகளையும் அவை உருவான காலத்துச் சூழலிலேயே திறந்து பார்க்க வேண்டியுள்ளது. சொல்லாய்வுக் கருவிகளையோ விசைப்பலகைகளையோ உருவாக்குவோர் பல இயங்குதளப் பதிப்புகளில் அவற்றைச் சோதிக்க வேண்டியுள்ளது. விண்டோஸ் எக்ஸ்.பி போன்ற பழைய பதிப்புகளை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவுவது எளிது; அவை வன்பொருளிடம் நினைவகமும் வட்டும் தவிர அதிகம் கேட்பதில்லை. அவ்வெளிமைக்குப் பழகியவர்களே விண்டோஸ் 11இன் மறுப்பைக் கண்டு திகைக்கின்றனர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதனால், இம்மறுப்பைச் சந்திப்போரின் எண்ணிக்கை குறைவதற்கில்லை.

சில்லின் பணி

டி.பி.எம் என்பதனைத் தமிழில் ‘நம்பகத் தளக் கூறு’ எனலாம். நம்பகக் கணிமைக்கென 2003இல் அமைந்த டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்னும் தொழிற்கூட்டமைப்பு இதன் வரையறையைப் பேணி வருகிறது. 1.2 என்னும் பதிப்பு 2009இல் ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 11889 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. 2014இல் வெளியான 2.0 பதிப்பு மறுஆண்டே அதே எண்ணுள்ள தரத்தின் புதிய வடிவமாக ஏற்கப்பட்டது. இரண்டும் ஒன்றின் நீட்சிபோலத் தோன்றினும் ஒன்றோடொன்று ஒத்தியங்குவன அல்ல. 1.2 பதிப்பு பழைய எஸ்.எச்.ஏ-1 முறையையே சார்ந்து நின்றது, 2.0 பதிப்போ எஸ்.எச்.ஏ-256 முதலிய வலிய முறைகளுக்கு இடந்தருவது. விண்டோஸ் 11 கேட்பது 2.0 பதிப்பையே.

சில்லின் பணிகளுள் இரண்டை மட்டும் இங்கு அறிந்துகொள்வது போதும். முதலாவது, மறைகுறியாக்கத்திற்குரிய சாவிகளைத் தன்னுள் உருவாக்கி வெளியே விடாமல் காத்தல். இரண்டாவது, கணினி எவ்வாறு தொடங்கிற்று என்பதை அளந்து வைத்தல். இவ்வளத்தல் சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது. பின்னர் நேரும் சிக்கல்கள் பலவற்றிற்கு இதுவே வேர்.

சில்லினுள் பி.சி.ஆர் எனப்படும் பதிவகங்கள் உள்ளன. தனிமேசைக் கணினிகளில் அவை பொதுவாக 24. இவற்றில் நேரடியாக ஒரு மதிப்பை எழுத எவராலும் இயலாது. ஏற்கெனவே உள்ள மதிப்போடு புதிய அளவீட்டைச் சேர்த்து, இரண்டிற்குமான சுருக்கக் குறியைக் கணித்து, அதனையே புதிய மதிப்பாக வைக்க மட்டுமே இயலும். நிலைபொருள் தொடங்கும்போது ஓர் அளவீடு, துவக்கி ஏறும்போது மற்றோர் அளவீடு எனத் தொடர்ந்து, ஒவ்வொன்றும் முன்னதன் முடிவிலிருந்தே தொடங்குகிறது. அந்தாதி அமைப்பை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாவதால், இடையில் ஒன்று மாறினாலும் வரிசை பிறழ்ந்தாலும் தொடை அறுந்துவிடும். பி.சி.ஆர் மதிப்பும் அத்தகையதே. தொடக்க வரிசையில் ஓர் இடத்தில் மாற்றம் நேரினும் இறுதி மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும்.

விண்டோஸின் வட்டு மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கர், தன் சாவியை இம்மதிப்புகளோடு பிணைத்துச் சில்லிடம் ஒப்படைக்கிறது. மதிப்புகள் பொருந்தினால் மட்டுமே சில்லு சாவியை விடுவிக்கும். செக்யூர் பூட் முறையாக இயங்கும் கணினியில் 7ஆம், 11ஆம் பதிவகங்களை அது சார்ந்திருப்பது வழக்கம். செக்யூர் பூட் என்பது கையொப்பமிடப்பட்ட துவக்கிகளை மட்டுமே ஏற்கும் யு.இ.எஃப்.ஐ நிலைபொருளின் வசதி. அது டி.பி.எம்மிலிருந்து வேறானது, இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை.

சில்லு மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. தாய்ப்பலகையில் பொருத்தப்படும் தனிச் சில்லு ஒன்று. இன்டெலின் பி.டி.டி, ஏ.எம்.டியின் எஃப்.டி.பி.எம் போலச் செயலியோடு இயைந்து நிலைபொருளாக இயங்குவது மற்றொன்று. முழுவதும் மென்பொருளால் ஆன மெய்நிகர்ச் சில்லு மூன்றாவது. மெய்நிகர் இயந்திரத்திற்கு வேண்டுவது இம்மூன்றாவது வடிவமே. புரவலர் கணினியில் உண்மைச் சில்லு இல்லையெனில் உள்ளேயுள்ள இயந்திரத்திற்கும் அது கிட்டாது என்ற எண்ணம் தவறானது. மெய்நிகர்ச் சில்லைத் தருவது ஹைப்பர்வைசர். அது புரவலரின் சில்லைக் கடன் வாங்குவதில்லை.

2021இல் நேர்ந்த மாற்றம்

விண்டோஸ் 11 குறித்த அறிவிப்பு 2021 ஜூன் 24ஆம் நாள் வெளியாயிற்று. இயங்குதளம் அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. டி.பி.எம் 2.0, செக்யூர் பூட்டிற்கு ஏற்ற யு.இ.எஃப்.ஐ நிலைபொருள், இரு கருவகங்களுடைய 64 பிட் செயலி, 4 ஜி.பி நினைவகம், 64 ஜி.பி சேமிப்பிடம் ஆகியன குறைந்தபட்சத் தேவைகளாக வகுக்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் வெளியான முன்னோட்டப் பதிப்புகளில் மெய்நிகர் இயந்திரங்களுக்கு இத்தேவைகள் கண்டிப்பாக வலியுறுத்தப்படவில்லை. 2021 செப்டம்பரில் வெளியான முன்னோட்டப் பதிப்பொன்றில் அந்நிலை மாறிற்று. உண்மைக் கணினிக்குரிய அளவுகோலே மெய்நிகர் இயந்திரத்திற்கும் பொருந்தும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

இம்மாற்றத்தின் விளைவை இன்றும் காணலாம். முன்னோட்டக் காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள், மெய்நிகர் இயந்திரத்திற்குச் சில்லே தேவையில்லை என்கின்றன. அதற்குச் சற்றுப் பின்னர் எழுதப்பட்டவை, சோதனையை ஏமாற்றும் வழியை மட்டுமே சொல்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் அன்றைய பதிப்பான 6.1இல் மெய்நிகர்ச் சில்லு இல்லை. 2022 அக்டோபரில் வந்த 7.0 பதிப்பிலேயே டி.பி.எம்மும் செக்யூர் பூட்டும் இடம்பெற்றன. ஆகவே ஏறத்தாழ ஓராண்டு அதன் பயனர்க்கு வேறு வழியில்லாதிருந்தது. அன்றைய கட்டாயத்தால் சொல்லப்பட்ட வழி, கட்டாயம் நீங்கிய பின்னும் முதல்வழியாகவே பின்பற்றப்படுவது பொருத்தமன்று. வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றுமுன் அது எழுதப்பட்ட நாளையும், அது பேசும் மென்பொருளின் பதிப்பெண்ணையும் நோக்குவது, பாடவேறுபாடு காண்போர் சுவடியின் காலத்தை நோக்குவது போன்ற அடிப்படைப் பணியாகும்.

தோல்வி நேரும் கட்டம்

காரணத்தை அறிய முதலில் கேட்க வேண்டிய வினா, ‘எந்தச் செய்தி வந்தது’ என்பதன்று. ‘எப்போது நின்றது’ என்பதே. நிறுவல் நிரல் திரையில் தோன்றுமுன்னரே நின்றதா, தோன்றியபின் மறுத்ததா, வட்டைத் தேர்வுசெய்யும் இடத்தில் தடைப்பட்டதா, முதல் மறுதொடக்கத்திற்குப் பின் சுழன்றுகொண்டிருக்கிறதா என்பதைக் கண்டாலே பாதிக் காரணங்கள் நீங்கிவிடும்.

நிறுவல் நிரலே தோன்றாவிடில் அதற்குச் சில்லின்மை காரணமாக இராது. சில்லைத் தேடும் சோதனை அந்நிரலுக்குள் நிகழ்வது. நிரல் தொடங்காத நிலையில் சோதனைக்கே இடமில்லை. இக்கட்டத்துத் தோல்விக்கு மிகப் பொதுவான காரணம் எளியது. குறுவட்டிலிருந்து தொடங்க ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும் வரி சில நொடிகளே திரையில் நிற்கும். மெய்நிகர் இயந்திரத்தின் சாளரத்தைச் சொடுக்கி விசைப்பலகையை அதன்பால் திருப்புவதற்குள் அவ்வரி மறைந்துவிடும். இயந்திரம் வலையமைப்பு வழித் தொடக்கத்தை நாடும், அல்லது யு.இ.எஃப்.ஐ கட்டளைத் திரையில் போய் நிற்கும். அத்திரையின் அச்சமூட்டும் தோற்றமே பெரும்பழுது நேர்ந்ததாக எண்ணச் செய்கிறது. மீளத் தொடங்கி உரிய நேரத்தில் விசையை அழுத்தினால் போதும். ஆப்பிளின் எம் வரிசைச் செயலிகொண்ட புரவலர்களில் காரணம் வேறு. அங்கு ஆர்ம் கட்டமைப்புக்குரிய விண்டோஸ் பதிப்பே வேண்டும், இன்டெல், ஏ.எம்.டி செயலிகளுக்கான நிறுவல் கோப்பு அங்கே துவங்காது.

நிரல் தோன்றி, மொழியும் பதிப்பும் தேர்ந்த பின்னர் மறுப்பு வருமாயின், அதுவே தேவைச் சோதனையின் முடிவு. இங்குத்தான் ஐந்து வேறு குறைகள் ஒரே முகத்தோடு தோன்றுகின்றன. சில்லின்மை, யு.இ.எஃப்.ஐ அல்லாத நிலைபொருள், குறைந்த நினைவகம், ஒற்றைச் செயலி, போதாத வட்டு ஆகியவையே அவை. மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கும்போது மென்பொருள் முன்வைக்கும் இயல்புநிலை அளவுகளை அப்படியே ஏற்பவர்க்கு ஒரு செயலியும் 2 ஜி.பி நினைவகமுமே கிடைத்திருக்கக்கூடும். அவர் சில்லை எத்தனை முறை சேர்த்தாலும் மறுப்பு நீங்காது.

ஐயத்தைத் தீர்க்க ஊகம் வேண்டா. மறுப்புத் திரையிலிருந்தவாறே ஷிஃப்ட் விசையுடன் எஃப்10 விசையை அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். நிறுவலின்போது தற்காலிகமாக அமையும் எக்ஸ் இயக்ககத்தில் ‘பாந்தர்’ என்னும் கோப்புறையினுள் ‘செட்டப்ஆக்ட்’ என்ற பெயருடைய பதிவுக் கோப்பு இருக்கும். அதனை நோட்பேடில் திறந்து படிக்கலாம். நிரல் செய்த ஒவ்வொரு சோதனையும் அதில் வரிவரியாகப் பதிவாகியிருக்கும். ‘வெரிஃபை டி.பி.எம் சப்போர்ட்டட்’ என்னும் சொற்கோவையையடுத்து 8028400எஃப் என முடியும் பதினறும எண் காணப்படின், சில்லே தென்படவில்லை என்பது அதன் பொருள். அவ்வெண் இல்லாமல் நினைவகத்தையோ செயலியையோ குறித்த வரியில் தோல்வி பதிவாகியிருந்தால், குறை அங்கேதான். திரைச்செய்தி மறைப்பதைப் பதிவுக் கோப்பு சொல்லிவிடுகிறது. மூலநூலைக் காணாது உரையை மட்டும் கொண்டு முடிவுகட்டுவதை ஆய்வுலகம் ஏற்பதில்லை; இங்கும் அம்முறைமை பொருந்தும்.

வட்டைத் தேர்வுசெய்யும் திரையில் வட்டுகளின் பட்டியல் வெறுமையாக இருப்பது மூன்றாம் வகை. கே.வி.எம் சார்ந்த இயந்திரங்களில் வர்ட்ஐஓ என்னும் விரைவு வட்டிணைப்பைத் தேர்ந்தவர்க்கு இது நேரும். விண்டோஸ் நிறுவல் கோப்பினுள் அதற்கான இயக்கி இல்லை. வர்ட்ஐஓ இயக்கிகள் அடங்கிய கோப்பை இரண்டாம் குறுவட்டாக இணைத்து, அத்திரையிலேயே இயக்கியை ஏற்றினால் வட்டு தென்படும். வட்டு போதாமை என்று இதனைப் பிறழ உணர்ந்து அளவைக் கூட்டிக்கொண்டே போவோரும் உளர்.

நான்காம் வகை அண்மைக்காலத்தது. 2024இல் வெளியான 24எச்2 பதிப்பு முதலாக, செயலி எஸ்.எஸ்.இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய ஆணைத்தொகுதிகளை ஆதரித்தாக வேண்டும். இத்தேவை நிறுவல் நிரல் வைக்கும் வாயிற்சோதனை அன்று. இயங்குதளத்தின் உட்கருவே அவ்வாணைகளைப் பயன்படுத்துகிறது. ஆகவே எந்த ஏமாற்று வழியாலும் இதனைக் கடக்க இயலாது. வியப்பு என்னவெனில், புரவலர் கணினியின் செயலி புத்தம் புதியதாக இருந்தும் இத்தோல்வி நேரக்கூடும் என்பதே. பல புரவலர்களிடையே இயந்திரத்தை எளிதில் இடமாற்றும் நோக்கில், கே.வி.எம் 64 போன்ற பொதுமைச் செயலி வடிவங்கள் உண்மைச் செயலியின் பல திறன்களை விருந்தினரிடமிருந்து மறைக்கின்றன. பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் 8.0 பதிப்பு வரை இவ்வடிவமே இயல்புநிலையாக இருந்தது. செயலி வகையைப் புரவலரின் வகையென மாற்றினால், சின்னம் தோன்றி மறுதொடங்கும் சுழற்சி நின்றுவிடும்.

சில்லை அளித்தல்

குறை சில்லின்மையே எனத் தெளிந்தபின் செய்யவேண்டுவது மென்பொருளுக்கேற்ப வேறுபடும். எனினும் எல்லாவற்றிற்கும் முன்நிபந்தனை ஒன்றுண்டு. இயந்திரம் யு.இ.எஃப்.ஐ நிலைபொருளோடு அமைந்திருக்க வேண்டும். பழைய பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டிற்கு இடமில்லை. ஏற்கெனவே விண்டோஸ் 10 நிறுவப்பட்ட இயந்திரத்தில் நிலைபொருளை மட்டும் மாற்றிவிட்டால் வட்டு துவங்காது போய்விடும்; பயாஸிற்குரிய எம்.பி.ஆர் பகுப்பு முறையை முதலில் ஜி.பி.டி முறைக்கு மாற்ற வேண்டும். இதற்கெனவே எம்.பி.ஆர்2ஜி.பி.டி என்னும் கருவியை 2017 முதல் விண்டோஸ் தன்னுடன் தருகிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதலான பதிப்புகளில், புதிய இயந்திரத்தின் வகையாக விண்டோஸ் 11ஐத் தேர்ந்தால் யு.இ.எஃப்.ஐயும் டி.பி.எம் 2.0உம் தாமே அமைந்துவிடும். பழைய பதிப்பில் உருவாக்கிய இயந்திரங்களுக்கு அப்பேறு இல்லை. அமைப்புகளில் தாய்ப்பலகைப் பகுதியில் அவற்றைக் கையால் தேர வேண்டும்.

ஹைப்பர்-வியில் இயந்திரங்கள் இரு தலைமுறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் தலைமுறை இயந்திரத்திற்கே மெய்நிகர்ச் சில்லு உண்டு. உருவாக்கியபின் தலைமுறையை மாற்ற வழியில்லை. முதல் தலைமுறையில் அமைந்த இயந்திரத்தை அவ்வாறே விண்டோஸ் 11க்கு உயர்த்தவும் இயலாது. பவர்ஷெல் கட்டளைகளால் சில்லை இயக்குவோர் ஒரு வரிசையைக் காக்க வேண்டும். முதலில் சாவிக்காப்பை உருவாக்க வேண்டும். அதன் பின்னரே சில்லை இயக்க வேண்டும். வரிசை மாறினால் கட்டளை பிழையோடு திரும்பும்.

வி.எம்.வேரில் சில்லைச் சேர்ப்பது மறைகுறியாக்கத்தோடு பிணைந்தது. ஒர்க்ஸ்டேஷன் மென்பொருளில் முதலில் இயந்திரத்தை மறைகுறியாக்கிக் கடவுச்சொல் இட்டாலன்றிச் சில்லைச் சேர்க்கும் வாய்ப்பே தோன்றாது. நிறுவனங்கள் பயன்படுத்தும் விஸ்ஃபியரில் மெய்நிகர்ச் சில்லு 2018இல் வந்த 6.7 பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் அதற்குச் சாவி வழங்கி ஒன்று வேண்டும். 2021இல் 7.0 பதிப்பின் இரண்டாம் மேம்பாட்டோடு உள்ளமைந்த சாவி வழங்கியே தரப்பட்டதால் தனி ஏற்பாடு தேவையற்றதாயிற்று. அதனைக் காப்புநகல் எடுத்த பின்னரே பயன்படுத்த இயலும் என்ற நிபந்தனையைப் பலர் தொல்லையாகக் கருதுகின்றனர். அந்நிபந்தனையின் தேவை இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் விளங்கும்.

கே.வி.எம் சூழலில் மூன்று கூறுகள் இணைய வேண்டும்: கியூ35 என்னும் தாய்ப்பலகை வடிவம், ஓ.வி.எம்.எஃப் என்னும் யு.இ.எஃப்.ஐ நிலைபொருள், எஸ்.டபிள்யூ.டி.பி.எம் என்னும் மெய்நிகர்ச் சில்லு. கடைசியாகச் சொன்னது தனி நிரல், கியூ.எமு 2017 டிசம்பரில் வெளியான 2.11 பதிப்பு முதல் அதனோடு இணைந்து இயங்கவல்லது. அந்நிரல் புரவலரில் நிறுவப்படாதிருந்தால் இயந்திரமே தொடங்காது. சில்லைச் சேர்த்தபின் நிலை முன்னைவிட மோசமாயிற்று எனத் தோன்றினாலும், நிரலை நிறுவினால் அது தீரும்.

செக்யூர் பூட்டைப் பற்றி ஒரு சொல். நிறுவல் நிரல் கேட்பது, செக்யூர் பூட்டிற்கு ஏற்ற நிலைபொருள் இருத்தலையே. அது அந்நொடி இயங்கிக்கொண்டிருத்தலை அன்று. ஆகவே நிறுவலின்போது வேறு காரணத்திற்காக அதனை அணைக்க நேரின் அஞ்ச வேண்டியதில்லை, பின்னர் இயக்கிக்கொள்ளலாம்.

சோதனையைக் கடந்துசெல்லும் வழி

சில்லை அளிக்காமலே நிறுவும் வழியும் உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. மேற்சொன்ன கட்டளைச் சாளரத்திலிருந்து ரெஜிஸ்ட்ரி திருத்தியைத் திறந்து, ‘லோக்கல் மெஷின்’ கிளையின் ‘சிஸ்டம்’ பகுதியிலுள்ள ‘செட்டப்’ என்பதன்கீழ் ‘லேப்கான்ஃபிக்’ என்னும் புதிய பகுதியை உருவாக்க வேண்டும். அதனுள் ‘பைபாஸ்டிபிஎம்செக்’, ‘பைபாஸ்செக்யூர்பூட்செக்’ ஆகிய பெயர்களில் 32 பிட் மதிப்புகளை அமைத்து ஒவ்வொன்றிற்கும் 1 என இட வேண்டும். இப்பெயர்களை உரோமன் எழுத்தில் இடைவெளியின்றித் தட்டச்சிடல் வேண்டும். பின் ஒரு படி திரும்பிச் சென்று தொடர்ந்தால் மறுப்பு வராது.

இவ்வழி எப்போது தக்கது? எழுத்துரு ஒன்று சரியாகத் தோன்றுகிறதா எனப் பார்த்துவிட்டு அன்றே அழித்துவிடக்கூடிய இயந்திரத்திற்கு இது போதும். நெடுநாள் பயன்படவிருக்கும் இயந்திரத்திற்கு இது பொருந்தாது. தேவைகளை நிறைவுசெய்யாத கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என உறுதி கூற இயலாது என மைக்ரோசாஃப்ட் தெரிவித்துள்ளது. ஆண்டுப் பதிப்பு மாறும்போது அதே சோதனை மீண்டும் எதிர்ப்படும். சில்லைச் சார்ந்த பிட்லாக்கர் காப்பும் கிட்டாது. இவையனைத்திற்கும் மேலாக, இவ்வழி காரணத்தைக் களைவதில்லை. நினைவகக் குறையால் எழுந்த மறுப்பை எல்லாச் சோதனைகளையும் அணைத்துக் கடந்தவர், பின்னர் இயந்திரம் ஆமைபோல் நகர்வதைக் கண்டு வேறெங்கோ காரணம் தேடுவார்.

உண்மையில் விண்டோஸ் 11 தேவைதானா என்ற வினாவும் உடன் கேட்கத்தக்கதே. அச்சுநூற் படங்களிலிருந்து தமிழ் எழுத்துகளை இனங்காண டெசராக்ட் கருவியை இயக்குவது மட்டுமே நோக்கமெனில், லினக்ஸ் விருந்தினர் ஒன்று போதும். அது சில்லைக் கேட்பதில்லை.

சில்லு ஒரு கோப்பாக இருத்தல்

இதுவரை சொன்னவை நிறுவல் முடியும்வரை பயன்படுவன. பெரிய இழப்பு அதன்பின் நேர்கிறது. உண்மைக் கணினியின் சில்லைத் தாய்ப்பலகையிலிருந்து எளிதில் பிரிக்க இயலாது. மெய்நிகர்ச் சில்லோ புரவலரின் வட்டில் சிறு கோப்பாகவே உறைகிறது. பிராக்ஸ்மாக்ஸில் அது 4 எம்.பி அளவேயுள்ள தனிச் சிறுவட்டு. லிப்வர்ட் கொண்டு இயங்கும் கே.வி.எம்மில், இயந்திரத்தின் தனித்த அடையாள எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புறையில் அது இருக்கும். பல நூறு ஜி.பி அளவுள்ள மெய்நிகர் வட்டைக் கவனமாகக் காப்புநகல் எடுப்பவர், தொலைவில் வேறொரு கோப்புறையில் கிடக்கும் இச்சிறு கோப்பை அறியாதிருப்பது இயல்பு.

ஆய்வாளர் ஒருவர் தம் கள ஆய்வு ஒலிப்பதிவுகளும் படியெடுப்புகளும் அடங்கிய இயந்திரத்தைப் புதிய மடிக்கணினிக்கு மாற்ற எண்ணி, வட்டுக் கோப்பை மட்டும் படியெடுத்துச் செல்கிறார் எனக் கொள்வோம். புதிய புரவலரில் இயந்திரத்தை அமைத்து அவ்வட்டை இணைக்கிறார். மென்பொருள் புதிய வெறுஞ் சில்லொன்றைத் தருகிறது. அச்சில்லுக்குப் பழைய சாவி தெரியாது. பிட்லாக்கர் இயக்கப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பெண்ணைக் கேட்கும் நீலத்திரையே எதிர்ப்படும். அவ்வெண் அவரிடம் இல்லையெனில், பழைய கணினியும் அழிக்கப்பட்டுவிட்டதெனில், ஒலிப்பதிவுகள் வட்டில் இருந்தும் இல்லாதனவே. பிட்லாக்கரைத் தாம் இயக்கவே இல்லை என்று அவர் உறுதியாக எண்ணியிருக்கவும் கூடும். 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது சாதன மறைகுறியாக்கம் பயனரைக் கேளாமலே தொடங்கும் வாய்ப்பு முன்னைவிட விரிந்துள்ளது. அவ்வாறு தொடங்கின் மீட்பெண் அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் தேட வேண்டிய இடம் அதுவே.

லிப்வர்ட் சூழலில் வட்டை மட்டுமன்றிச் சில்லின் கோப்புறையையும் படியெடுத்தவரும் தப்பிவிடுவதில்லை. புதிய இடத்தில் இயந்திரத்திற்கு வேறு அடையாள எண் அமைந்துவிட்டால், பழைய எண்ணைப் பெயராகக்கொண்ட கோப்புறை தேடப்படுவதே இல்லை. ஹைப்பர்-வியில் நிலை இன்னும் கடினம். சில்லின் நிலையைக் காக்கும் சாவிகள் புரவலரின் சான்றிதழ்ப் பெட்டகத்தில் இரு சான்றிதழ்களாக உள்ளன. அவற்றை அவற்றின் மறைச்சாவிகளோடு ஏற்றுமதி செய்து புதிய புரவலரில் சேர்த்தாலன்றி இயந்திரம் தொடங்கவே மறுக்கும். பழைய புரவலரின் விண்டோஸைத் துடைத்து மீள நிறுவியவர்க்கும் இதே கதிதான். வட்டுக் கோப்புகள் வேறு இயக்ககத்தில் பத்திரமாக இருந்தாலும் சான்றிதழ்கள் போய்விட்டிருக்கும்.

மெய்நிகர்ச் சில்லின் காப்பு எத்துணை வலியது என்பதிலும் தெளிவு வேண்டும். எஸ்.டபிள்யூ.டி.பி.எம் தன் நிலைக் கோப்பை இயல்புநிலையில் மறைகுறியாக்குவதில்லை. வேண்டுவோர் லிப்வர்ட் வழியாகக் கடவுத்தொடர் இட்டு அதனைக் காக்கலாம். காக்கப்படாத நிலையில், வட்டையும் நிலைக் கோப்பையும் சேர்த்துக் கைப்பற்றியவர் இயந்திரத்தைத் திறந்துவிடுவார். புரவலரின் நிர்வாகியிடமிருந்து விருந்தினரின் மறைபொருளை இச்சில்லு காப்பதாக எண்ணுவதும் பிழை. பலர் பகிரும் ஆய்வகக் கணினியில் பெயர் மறைக்கப்பட வேண்டிய தகவலாளர்களின் நேர்காணல்களை வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இடமாற்றத்திற்கு முன் செய்யவேண்டுவன அதிகமில்லை. விருந்தினருக்குள் பிட்லாக்கரின் நிலையைப் பார்த்து, இயங்கினால் மீட்பெண்ணை அச்சிட்டோ வேறிடத்தில் எழுதியோ வைத்தல் முதற்பணி. அடுத்து, பிட்லாக்கர் காப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து இயந்திரத்தை முழுமையாக அணைத்தல். இவ்வாறு நிறுத்திவைத்தால் புதிய புரவலரில் வட்டு சில்லை நாடாமல் திறக்கும், பின்னர் காப்பு பொதுவாகத் தானே மீண்டு புதிய சில்லோடு பிணைந்துகொள்ளும். வட்டுக் கோப்பு, அமைப்புக் கோப்பு, யு.இ.எஃப்.ஐ நினைவுக் கோப்பு, சில்லின் நிலைக் கோப்பு ஆகிய நான்கையும் ஒருசேரப் படியெடுக்க வேண்டும். ஹைப்பர்-வியெனில் சான்றிதழ்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். படியெடுத்த இயந்திரத்தைப் புதிய புரவலரில் ஒருமுறை தொடங்கி, உள்ளே நுழைந்து, கோப்பொன்றைத் திறந்து பார்த்த பின்னரே பழைய இயந்திரத்தை அழிக்கலாம்.